வில்லும் பாரமும்: இருபது ஆண்டு பிந்திய ஒரு திருத்தம்

பத்திரிகையில் தவறான செய்தி வெளிவந்தால் மறுநாளோ அடுத்த வாரமோ திருத்தம் போடுவது எமது தொழிலின் மரபு. பெயரில் பிழை, தொகையில் பிழை, திகதியில் பிழை என்று எத்தனையோ திருத்தங்களை எனது கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் 2005ஆம் ஆண்டு ஜனவரியில் நான் எழுதிய ஒரு செய்திக்கு மட்டும் இன்றுவரை திருத்தம் போடவில்லை. அந்தச் செய்தியில் பெயர்கள் சரி. திகதி சரி. இடமும் சரி. காரணம்தான் பிழை.

ஆழிப்பேரலை அடித்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத நேரம். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு நிவாரணப் பொருள்களுடன் புறப்பட்ட ஒரு பிக்கப் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். வண்டி எனது நண்பர் ஒருவருடையது. யப்பானியத் தயாரிப்பு, நான்கு சில்லுகளும் இழுக்கக்கூடியது. வெள்ளத்திலும் சேற்றிலும் போகவேண்டும் என்பதற்காகச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அதை நான்கு அங்குலம் உயர்த்தியிருந்தார். பின்வில்லின் முனையை வண்டியின் சட்டத்துடன் பிணைக்கும், கராஜ்களில் ‘ஷக்கிள்’ எனப்படும் துண்டுகளை நீளமானவையாக மாற்றி, வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் இரும்புக் கட்டைகளைக் கொடுத்திருந்தார்கள். முன்பக்கத்து முறுக்குத்தண்டுகளை இறுக்கியிருந்தார்கள். பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருந்தது. ‘இனி எந்தக் குளக்கட்டும் உமக்கு ஒரு பொருட்டல்ல’ என்று நானும் புகழ்ந்திருந்தேன்.

பின்தட்டில் அரிசி மூட்டைகள், தண்ணீர்க் கலன்கள். தொண்டர்களாக வந்த இரு இளைஞர்கள் அமர இடம் போதவில்லை. அப்போது மாச்சாக்குகளில் ஆறினைக் கூரைத் தாங்கியின்மேல் ஏற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். மழை வெள்ளத்தில் ஒரு மதகு அறுந்திருந்தது. வயலோரமாக இறங்கி ஏறும் ஒரு தற்காலிகப் பாதையை வெட்டியிருந்தார்கள். வேகமே இல்லை, நடந்து போகிறவன் எம்மை முந்தியிருப்பான். இடப்பக்கச் சில்லுகள் பள்ளத்தில் இறங்கின. வண்டி சாய்ந்தது. நிமிரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அந்தக் கணத்தில் அது நிமிரவில்லை. மெதுவாக, ஒரு மாடு படுப்பதைப் போல, வயலுக்குள் பக்கவாட்டில் படுத்தது. பின்னால் இருந்த இளைஞர்களில் ஒருவரின் கால் மூட்டைகளுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் அகப்பட்டு இரண்டு இடங்களில் முறிந்தது. அவர் இன்றும் சற்று நொண்டித்தான் நடக்கிறார்.

‘சீரழிந்த வீதியால் நிவாரண வண்டி குடைசாய்ந்தது’ என்ற கருத்தில் செய்தி எழுதி அனுப்பினேன். வீதி சீரழிந்திருந்தது உண்மை. ஆனால் அதே பாதையால் எமக்கு முன்னும் பின்னும் எத்தனையோ வண்டிகள் பாரத்துடன் போய்ச் சேர்ந்தன.

வண்டியைக் கட்டியிழுத்து வந்து வவுனியாவில் ஒரு கராஜில் விட்டபோது, அங்கிருந்த முதிய மெக்கானிக் கீழே குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தம்பி, இதுக்குள்ளை என்ன பாரம் ஏத்திக்கொண்டு போனனீங்கள்?” எனக்குத் தெரியவில்லை. “உயர்த்தினவையும் இதைக் கேட்டிருக்கமாட்டினம். பாரத்தைக் கேளாமல் வில்லிலை கை வைக்கக்கூடாது” என்றார்.

அந்த வாக்கியத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. கலைப்பட்டதாரியான எனக்கு இயந்திரங்கள் அந்நியமானவை. ஆனால் வரலாறு அந்நியமானதன்று. ஆகவே வரலாற்றின் வழியாகவே அந்தக் கேள்வியைத் தேடிப் போனேன். அப்படித் தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வில்வண்டியிலிருந்து

எமது மொழியில் இந்தப் பொருளுக்கு நல்ல பெயர் இருக்கிறது. மாட்டுவண்டிகளில் வசதி படைத்தோர் ஏறிப்போனது வில்வண்டி. அச்சுக்கும் தட்டுக்கும் இடையில் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்திருந்தமையால் அந்தப் பெயர். பாரம் இழுக்கும் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. ஆளை ஏற்றும் வண்டிக்கு வில், பாரம் ஏற்றும் வண்டிக்குக் கட்டை அச்சு என்ற அந்தப் பிரிவினையிலேயே எமது கதையின் முரண்பாடு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. மெதுவாக ஆடவேண்டுமானால் வில் மென்மையாக இருக்கவேண்டும். பாரம் தாங்கவேண்டுமானால் வில் கடினமாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே வண்டியிடம் கேட்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் ஆரம்பமாயிற்று.

தகட்டுவில்லை இன்று நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இலண்டனில் வண்டி கட்டிய ஒபதையா எலியட். 1804இல் அவர் நீள்வட்ட வடிவத் தகட்டுவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1678இல், வில்லின் விதியை இங்கிலாந்தின் ரொபர்ட் ஹூக் அச்சில் வெளியிட்டிருந்தார். பாடசாலையில் விற்றராசைத் தூக்கிப் பார்த்த எவருக்கும் அந்த விதி தெரியும். பாரம் இரட்டித்தால் இழுபடும் தூரமும் இரட்டிக்கும். வண்டியின் அடியில் இருப்பதும் தலைகீழாக வைத்த ஒரு விற்றராசு என்றே சொல்லலாம். ஏற்றிய பாரம் எவ்வளவோ அவ்வளவுக்கு வண்டி தாழும். ஆகவே ஒரு வண்டியின் உயரம் என்பது வில் மாத்திரம் தீர்மானிப்பதல்ல. வில்லும் பாரமும் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடு அது.

பாலைவனத்தில் ஒரு பரீட்சை

பாரமேற்றிய மோட்டார் வண்டி பாதையே இல்லாத நிலத்தில் எப்படிப் போகவேண்டும் என்ற கேள்விக்கு மிகச் சிறந்த விடைகளில் ஒன்று எகிப்தினதும் லிபியாவினதும் பாலைவனத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். எகிப்தில் பணியாற்றிய காலத்திலிருந்தே மோட்டார் வண்டிகளில் பாலைவனத்தைச் சுற்றியவர். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் ஃபோர்ட் வண்டிகளுடன் லிபியப் பாலைவனத்தின் உள்நிலங்களுக்குப் பயணங்களை நடத்தினார். ஒட்டகங்களும் தயங்கிய மணற்கடலுக்குள் மோட்டார் வண்டி ஓடியது. பின்னர் 1941இல் மணலும் காற்றும் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் விஞ்ஞானிகளால் எடுத்தாளப்படுகிறது.

அந்த அனுபவத்தை வைத்து 1940 ஜூலையில், ஜெனரல் வேவலின் அனுமதியுடன், எதிரியின் பின்னணியில் நெடுந்தூரம் சென்று உளவு பார்க்கும் ஒரு சிறு படைப்பிரிவை கெய்ரோவில் அவர் அமைத்தார். நெடுந்தூரப் பாலைவனப் பிரிவு என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்துப் படையினர்; பலர் பண்ணைகளிலிருந்து வந்தவர்கள். வண்டிகளோ சாதாரண 30 ஹன்ட்ரட்வெயிட் செவ்ரோலெட் லொறிகள். அதாவது ஒன்றரைத் தொன் ஏற்றக் கட்டப்பட்டவை. பின்சில்லுகள் மாத்திரம் இழுப்பவை. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்துக்குப் பெற்றோல், வாரக்கணக்கில் உணவும் தண்ணீரும், இயந்திரத் துப்பாக்கிகள், குண்டுகள், வானொலி எல்லாவற்றையும் அவற்றில் ஏற்றவேண்டும்.

பாக்னோல்ட் என்ன செய்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். முதலில் கதவுகளைக் கழற்றினார். கூரையையும் முன் கண்ணாடியையும் அகற்றினார். தேவையற்ற எடை எல்லாம் போயிற்று. அதன்பின் தகட்டுவில்களுக்கு மேலதிகத் தகடுகளைச் சேர்த்துப் பலப்படுத்தினார். அகலமான ரயர்களைப் பூட்டி மணலில் அவற்றின் காற்றைக் குறைத்தார். புதைந்தால் வெளியே எடுப்பதற்கு இரும்புத் தகட்டுச் சட்டங்கள். முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்யப்பட்ட அத்தகைய சட்டங்களை அவர் முன்னைய பயணங்களின்போது கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றில் கண்டெடுத்திருந்தார். வண்டி உயர்ந்து நின்று மணலை வெல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பாரத்தை அறிந்தார், அதற்கு ஏற்ப வில்லைக் கட்டினார், பிடிப்பை ரயரிடம் விட்டார்.

1941இல் இந்த லொறிகளுக்குப் பதிலாக நான்கு சில்லுகளும் இழுக்கும் ஃபோர்ட் லொறிகள் வந்தன. காகிதத்தில் அவை மேலானவை. ஆனால் எடை அதிகம். பெற்றோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு குடித்தன. அதனால் ஒரே பயணத்தில் போகக்கூடிய தூரம் குறைந்தது. 1942இல் மறுபடியும் இலகுவான செவ்ரோலெட் லொறிகளுக்கே திரும்பினார்கள். கனடாவில் விசேடமாகச் சொல்லிச் செய்வித்தவை அவை. வலிமை சேர்ப்பதாக நினைத்து எடை சேர்த்தால் என்னவாகும் என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

சாரதி பக்கத்து வில்

போர் முடிந்தபின் அமெரிக்க ஜீப் வண்டிகள் உலகமெங்கும் பரவின. எமது நாட்டில் பாதை தாண்டி ஓடும் எந்த வண்டிக்கும் ‘ஜீப்’ என்றே பெயராயிற்று. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் தமது தோட்டத்தில் ஓடிய அத்தகைய ஜீப் ஒன்றைப் பார்த்து உருவாக்கியதே லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் இறுதியில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. எமது மலையகத்தில் தோட்டத்துரைமாரின் பங்களாக்களிலிருந்து இறங்கிவரும் லாண்ட் ரோவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது.

அந்தப் பழைய லாண்ட் ரோவர்களில் ஒரு நுட்பம் உண்டு. சாரதி பக்கத்து வில்லும் மறுபக்கத்து வில்லும் ஒன்றல்ல. சாரதி பக்கத்து வில்லின் வளைவு சற்று அதிகம். காரணம் எளிமையானது. சாரதி எப்போதும் இருப்பார். வலப்பக்கத்தில் ஓட்டும் வண்டிகளில் அவரது ஆசனத்தின் கீழேதான் எரிபொருள் தாங்கியும் இருந்தது. மறுபக்கத்து ஆசனத்தில் ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்போதும் இருக்கும் பாரம் வேறு, வந்துபோகும் பாரம் வேறு என்பதை அந்த வண்டியைக் கட்டியவர்கள் இடமும் வலமுமாகப் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். இந்த விடயம் தெரியாமல் இரு வில்களையும் மாற்றிப் பூட்டிவிட்டு, வண்டி ஏன் ஒருபக்கம் சாய்கிறது என்று சட்டத்தைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

சுருள்வில்லின் வருகை

தகட்டுவில்லுக்குப் பல நன்மைகள் உள்ளன. அது பாரத்தையும் தாங்கும். அச்சை அதன் இடத்திலும் பிடித்துவைக்கும். தகடு முறிந்தால் ஒரு கம்மாலையில்கூட ஒருவாறு சரிக்கட்டலாம். ஆனால் தகடுகள் ஒன்றோடொன்று உராயும். கடினமாக இருக்கும். வெறுமையாக ஓடும்போது உடம்பை உலுப்பும்.

1970 ஜூனில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் இந்த மரபை முறித்தது. ஸ்பென் கிங், கோர்டன் பாஷ்ஃபோர்ட் ஆகிய பொறியியலாளர்கள் நான்கு சில்லுகளுக்கும் மென்மையான, நீண்ட தூரம் அசையக்கூடிய சுருள்வில்களைக் கொடுத்தார்கள். மேடு பள்ளங்களில் சில்லு நிலத்தை விட்டு எழாமல் தொடர்ந்து ஒட்டிக்கொண்டே இருப்பதுதான் இழுவை என்பது அவர்களது கணிப்பு. ஆனால் ஹூக்கின் விதி அங்கேயும் காத்துக்கொண்டிருந்தது. மென்மையான வில்லின்மேல் பாரம் ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. பின் அச்சின் நடுவே, ஜெர்மனியின் போகே நிறுவனம் செய்த ஓர் உருளையைப் பொருத்தினார்கள். வண்டி ஓடும்போது ஏற்படும் ஏற்ற இறக்க அசைவையே கொண்டு அது தன்னைத்தானே அமுக்கி நிரப்பி, தாழ்ந்த பின்பக்கத்தை மீண்டும் உரிய உயரத்துக்கு உயர்த்தும். வில்லை மென்மையாகவே வைத்துக்கொண்டு பாரத்துக்கு வேறொரு ஆளை நியமித்தது போன்றது அது.

அந்த வண்டிக்கு வந்த சோதனையும் படிக்கத்தக்கது. 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு 1972 ஜூனில் தென் அமெரிக்காவின் தென்முனையை அடைந்த பயணமொன்றில் இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் பங்குகொண்டன. தலைமை தாங்கியவர் ஜோன் பிளாஷ்ஃபோர்ட் ஸ்னெல் என்ற இராணுவ அதிகாரி. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் வீதியே இல்லாத டேரியன் காட்டைக் கடக்க மாத்திரம் ஏறத்தாழ நூறு நாள்கள் பிடித்தன. சதுப்பு நிலத்துக்கென மிகப் பெரிய ரயர்களைப் பூட்டி, அளவுக்கு மீறிப் பாரத்தையும் ஏற்றியிருந்தார்கள். பின் அச்சுகளின் பற்சக்கரங்கள் நொறுங்கின. பயணம் வாரக்கணக்கில் தடைப்பட்டது. அங்கே வழி திறக்க உதவியது, பனாமாவில் வாங்கிய பழைய லாண்ட் ரோவர் ஒன்று. சிறியது, தகட்டுவில் கொண்டது, பாரமோ குறைவு. பெரிய வண்டிகள் தவித்த இடங்களில் அது முன்னே போய்க்கொண்டிருந்தது.

லாண்ட் ரோவர் வண்டிகளே 1983இல் சுருள்வில்லுக்கு மாறின. ரொயோட்டா லாண்ட் குரூசரின் 80 வரிசை 1990இல் நாற்புறமும் சுருள்வில்லுடன் சந்தைக்கு வந்தது. ஆனால் அதே நிறுவனத்தின் 70 வரிசைப் பாரவண்டிகள் 1999இல் முன்பக்கத்துக்குச் சுருள்வில்லைப் பெற்றபோதும் பின்பக்கத்துக்குத் தகட்டுவில்லையே வைத்துக்கொண்டன. இது பழமைவாதமல்ல. ஆள் ஏறும் பக்கம் வேறு, பாரம் ஏறும் பக்கம் வேறு என்ற எமது வில்வண்டிப் பிரிவினைதான் அங்கே ஒரே வண்டிக்குள் முன்னும் பின்னுமாக வந்து அமர்ந்துகொண்டது.

பாரத்தை முதலில் நிறுத்தல்

அவுஸ்திரேலியாவில் மக்கள் தண்ணீரையும் எரிபொருளையும் தாமே சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் மண்பாதைகளில் ஓடுகிறார்கள். அங்கே வில் விற்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. ‘ஓல்ட் மேன் ஈமு’ போன்ற பெயர்கள் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவின. அந்த வியாபாரத்தில் ஒரு வண்டிக்கு ஒரு வில் என்று கிடையாது. வெறும் வண்டிக்கு ஒன்று, நடுத்தரப் பாரத்துக்கு ஒன்று, எப்போதும் கனத்த பாரத்துடன் ஓடுவதற்கு ஒன்று என்று பல உண்டு. வாங்க வருபவரிடம் அவர்கள் கேட்கும் முதற் கேள்வியும் எமது வவுனியா மெக்கானிக்கின் கேள்விதான்.

எவ்வாறு கணக்கிடுவது? முதலில் எப்போதும் வண்டியோடு இருக்கும் பாரத்தைக் கூட்டவேண்டும். இரும்பாலான முன்தடுப்பும் இழுவைச் சுருளும் சேர்ந்தால் நூறு கிலோவை நெருங்கும். அது முழுவதும் முன்வில்லின்மேல் விழும். 90 லீற்றர் டீசல் கொள்ளும் இரண்டாவது தாங்கி என்றால் எரிபொருள் மாத்திரம் 75 கிலோ. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. மதிப்பிடுவதைவிட நிறுப்பது மேல். எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் இருத்தி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே தராசில் ஏற்றவேண்டும்.

பின்பக்கத்து இரு வில்களும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றருக்கு 8 கிலோ தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ பாரம் பின் அச்சில் விழுந்தால் வண்டி 50 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம் தாழும். வெறும் வண்டியில் இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு அந்தப் பாரத்தை ஏற்றினால், உயர்த்திய உயரம் அத்தனையும் போய்விடும். இதற்கு மாறாக, அந்த 400 கிலோவுக்கென்றே கட்டிய கடின வில்லைப் பூட்டிவிட்டு வெறும் வண்டியாக ஓடினால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சில்லு குழியில் இறங்காது, பிடிப்பும் குறையும். ஆகவே எப்போதும் இருக்கும் பாரத்துக்கு ஏற்ற வில்லையே தெரிவுசெய்யவேண்டும். வந்துபோகும் பாரத்துக்கு, தகட்டுவில்லின் அடியில் பாரம் ஏறும்போது மாத்திரம் வேலை செய்யும் தடித்த உதவித் தகடோ, சுருளுக்குள் வைக்கும் இன்னொரு சுருளோ போதும்.

வில்லைப் பலப்படுத்துவதால் வண்டியின் சட்டமும் அச்சும் தடுப்பும் பலப்பட்டுவிடுவதில்லை என்பதும் நினைவில் இருக்கவேண்டும். தயாரிப்பாளர் விதித்த மொத்த எடை எல்லை அப்படியே இருக்கிறது. குந்தாமல் நிற்கும் வண்டியைப் பார்த்து, இன்னும் நான்கு மூட்டை ஏற்றலாம் என்று நினைப்பதுதான் பேராபத்து. முன்னர் வில் தாழ்ந்து சொல்லிக்கொண்டிருந்த எச்சரிக்கையை நாம் வாயடைத்துவிடுகிறோம்.

உயரத்தின் விலை

உயரத்தைப் பற்றி என் போன்றோருக்கு இருந்த பெரிய மயக்கம், வண்டியை உயர்த்தினால் அடிப்பகுதி முழுவதும் நிலத்திலிருந்து உயர்ந்துவிடும் என்பது. தண்டு அச்சு கொண்ட வண்டியில் அப்படியல்ல. வில்லை உயர்த்தினால் உடலும் சட்டமும் உயரும். அச்சின் நடுவேயுள்ள பற்சக்கரக் குடம், கல்லில் முதலில் இடிபடும் அந்தப் பகுதி, ஓர் அங்குலம்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய ரயர் மாத்திரமே. வில்லின் உயரத்தால் கிடைப்பது, சரிவுகளில் ஏறி இறங்கும் கோணமும் சில்லு மேலே அசைவதற்கான இடமும்தான்.

அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளின் கோணம் மாறி மூட்டுகள் தேயும். முன்சில்லுகளின் சாய்வு மாறிச் சுக்கான் தானாகத் திரும்பிவரும் குணத்தை இழக்கும். தடுப்புக் குழாய்கள் இழுபடும். பழைய அதிர்வு தாங்கிகள் நீளம் போதாமல் தொங்கும். அவுஸ்திரேலியப் பாதைகளில் 50 மில்லிமீற்றர் என்ற அளவு ஏறத்தாழ ஒரு மரபாகவே நிலைத்தமைக்குக் காரணம், அதுவரை இந்தச் சிக்கல்களைச் சமாளிக்கலாம் என்பதுதான். எமது நண்பர் உயர்த்தியது அதன் இரண்டு மடங்கு.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய விலை சாய்வில்தான் இருக்கிறது. இடவல சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் பிரித்தால் வரும் எண், வண்டி எவ்வளவு எளிதில் குடைசாயும் என்பதன் அடிப்படை அளவு. அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிருவாகம் 2001 முதல் தனது குடைசாய்வுத் தரப்படுத்தலுக்கு இதையே அடித்தளமாகக் கொண்டது. எண் குறையக் குறைய ஆபத்து கூடும்.

ஒருநாள் இரவு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி. புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 800 மில்லிமீற்றர். சில்லகலம் 1500 மில்லிமீற்றர். எண் 0.94. இதன் கூரையில், நிலத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில், 150 கிலோவை வைத்தால் மையம் 68 மில்லிமீற்றர் உயரும், எண் 0.86 ஆகும். அதாவது கூரையில் வைத்த 150 கிலோ, வில்லை இரண்டு அங்குலத்துக்கும் மேலாக உயர்த்தியதற்குச் சமமான கேடு செய்கிறது. நான்கு அங்குலம் ஏற்கெனவே உயர்த்தப்பட்ட வண்டியில், அதற்கு மேலதிகமாக.

மாச்சாக்கு ஒன்று 25 கிலோ. ஆறு சாக்குகள். 150 கிலோ.

கணக்கை நான் மூன்று முறை சரிபார்த்தேன். அன்று அந்தச் சாக்குகளைக் கீழே, தட்டின் அடியிலேயே வைத்துவிட்டு இளைஞர்களில் ஒருவரை அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கச் சொல்லியிருந்தால், வண்டி அந்தப் பள்ளத்தில் நிமிர்ந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. நிமிர்வதற்கான வாய்ப்பை எடுத்துவிட்டவன் நான் என்பதை மாத்திரம் சொல்லமுடியும்.

நண்பர் அந்த வண்டியைத் திருத்தி, பழைய உயரத்துக்கே இறக்கினார். அந்த மெக்கானிக் பின்வில்லுக்கு ஒவ்வொரு தகடு மேலதிகமாகப் போட்டு, கட்டைகளைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்தார். கூரைத் தாங்கியையும் கழற்றிவிட்டார். அதன்பின் அந்த வண்டி 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்படும்வரை எத்தனையோ தடவை அதே வழியால் பாரத்துடன் போய்வந்தது.

கால் முறிந்தவர் இப்போது நாற்பதைக் கடந்துவிட்டார். அண்மையில் ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அண்ணை, நீங்கள் பேப்பரிலை ரோட்டிலை பிழை எண்டெல்லோ எழுதினீங்கள்?” என்று கேட்டார். ஆம் என்றேன்.

ஆகவே இந்தத் திருத்தம். 2005 ஜனவரியில் ஒட்டுசுட்டானுக்கு அருகில் நிவாரண வண்டி குடைசாய்ந்தமைக்கு வீதி மாத்திரம் காரணம் என்று நான் எழுதியது தவறு. வண்டி, ஏற்றப்போகும் பாரத்தைக் கேளாமல் உயர்த்தப்பட்டிருந்தது. அதன் கூரைமேல் ஆறு மாச்சாக்குகளை ஏற்றச் சொன்னவர், அந்தச் செய்தியை எழுதிய நிருபர்.